வெற்றிலை வைத்துக் கொடுத்த நிழல்

ஏழுவேம்பு என்ற ஊருக்கு நீங்கள் போனதில்லை. போகவும் வேண்டாம், அங்கே தண்ணீர் கேட்டால் எந்தத் தெருவுக்கு வந்தவர் என்று கேட்டுவிட்டுத்தான் செம்பைத் தேடுவார்கள். கோவில்பட்டியைத் தாண்டித் தெற்கே போகிற நான்குவழிச் சாலையில், இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்க, ஒற்றை வேப்பமரமும் அதன் கீழே ஒரு டீக்கடையும் கண்ணில் பட்டால் அதுதான் ஊர். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்றாக ஏழு வேம்பு நின்றது, சாலையை அகலப்படுத்தியபோது ஆறு போய் ஒன்று மிஞ்சியது, மிஞ்சியது எந்தத் தெருவின் மரம் என்பதில் நான்கு மண்டைகள் உடைந்தன, கடைசியில் மரத்தை விட்டுவிட்டு அதன் நிழலை ஏழு பங்காகப் போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நாட்டாமை வெயிலுமுத்து ஒரு டப்பா சுண்ணாம்புப் பொடியோடு வந்து தரையில் கோடு இழுப்பார். காலையில் மேற்கே நீள்கிற நிழல் இரண்டு தெருவுக்கு, உச்சியில் தூரைச் சுற்றிச் சுருண்டு கிடப்பது மூன்று தெருவுக்கு, சாயங்காலம் கிழக்கே போவது மிச்ச இரண்டுக்கு. கோட்டைத் தாண்டி ஒருவன் பெருவிரல் போனால் வாய்ச்சண்டை, குதிகாலும் போனால் கைச்சண்டை. ஊர்க்கூட்டமும் அந்த நிழலுக்குள்தான் நடக்கவேண்டும். வெயிலில் நின்று பேசியதை ஊர் பேசியதாக எடுத்துக்கொள்கிற வழக்கம் அங்கே கிடையாது.

சண்முகவடிவு அந்த ஊர்ப் பெண். மதுரையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பதினாறு வருடம் உட்கார்ந்து, யார் யாரோ எங்கெங்கோ போவதற்கு நாள்வாரியாகப் பயணத் திட்டம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அண்ணன் செத்த பிறகு மதினி சீனியம்மாள் ஒண்டியாகிப்போனாள் என்று ஊருக்கே திரும்பி வந்தாள். மரத்தடி டீக்கடை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற சீனியம்மாளுடையதுதான். இரண்டு பெண்களும் ஒரே வீட்டில், ஒரே உலையில், ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் தைலம் தேய்த்துவிடுகிற மாதிரி நான்கு வருடம் இருந்தார்கள். அதிலேயே ஊருக்கு வயிறு எரிந்தது. நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியும் சண்டை போடாமல் இருந்தால் அதில் என்னமோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு வடிவு சாலையோரம் அப்பா விட்டுப்போன ஒன்றரைக் குறுக்கம் நிலத்தை மட்டம் பண்ணி, நான்கு இடத்தில் கரண்ட் கொடுத்து, ஒரு குழாயும் கழிவுக் குழியும் போட்டு, ‘கேரவன் தங்குமிடம்’ என்று போர்டு வைத்தாள். கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உடை மாற்றுகிற வண்டி என்றுதான் ஊர் அதுவரை நினைத்திருந்தது. கட்டிலும் அடுப்பும் கக்கூசுமாக ஒரு வீடே சக்கரத்தில் ஏறிப் போகும், அதில் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் ஊராகச் சுற்றுவார்கள், அவர்களுக்கு எங்கே தங்குவது எங்கே நிற்பது என்று நான் எழுதித் தருவேன் என்று வடிவு விளக்கியபோது, வெயிலுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வீடில்லாதவன் ரோட்டுல படுப்பான், சரி. வீட்டையே தூக்கிட்டு வந்து ரோட்டுல படுக்கவன என்னன்னு சொல்ல? இதுக்கு ஒரு போர்டு வேற."

பங்குனி மாதம் முதல் வண்டி வந்தது. கோயம்புத்தூரில் மில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னுரங்கமும் அவர் மனைவி தேவசேனாவும், வெள்ளை வெளேரென்ற வண்டியில், கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் மூன்று நாள் தங்கிச் சுற்றுவட்டாரம் பார்ப்பதாகத் திட்டம். வந்த அன்றே வண்டியின் ஏசி மக்கர் பண்ணியது. வடிவின் நிலத்தில் நிழல் என்று சொல்ல அந்த போர்டின் நிழல்தான் உண்டு. மத்தியானத்துக்குள் தேவசேனாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட, வடிவு ஓடிப்போய் நாட்டாமையிடம், மூன்று நாளைக்கு வண்டியை மரத்தடியில் போட்டுக்கொள்ள விடுங்கள் என்று கேட்டாள்.

அதற்குக் கூட்டம் கூடியது. எந்தத் தெருப் பங்கில் வண்டி நிற்பது? எங்கள் பங்கில் வேண்டாம் என்று ஒரு தெருவும் சொல்லவில்லை, அதுதான் வினை. வடக்குத் தெருவில் நின்றால் விருந்தாளிக்கு இடம் கொடுத்த பெயர் வடக்குத் தெருவுக்குப் போய்விடும், அதைக் கம்மாய்த் தெரு பொறுக்காது. கம்மாய்த் தெருவுக்குப் போனால் பள்ளிக்கூடத் தெரு பொறுக்காது. அங்கே வண்டிக்குள் ஒருத்தி ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருக்க, இங்கே இரண்டு மணி நேரம் கத்தித் தீர்த்து, கடைசியில் யாருக்கும் பெயர் போகாதபடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஏழு தெருவும் தன் தன் பங்கை விட்டுக்கொடுத்து, சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நிழல் முழுவதையும் பொன்னுரங்கம் கையில் கொடுத்தார்கள். வெற்றிலை வைத்துக் கொடுத்த பொருள் அந்த ஊரில் வாங்கியவருடையது. அவர் மறுபடி வெற்றிலை வைத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அது கொடுத்தவர்களுக்கு வந்து சேரும். மாடானாலும் சரி, மனையானாலும் சரி, அதுதான் வழக்கம்.

மூன்று நாள் முடிந்து கிளம்புகிற காலையில் பொன்னுரங்கம், வடிவு சொல்லிக் கொடுத்தபடியே, தட்டில் வெற்றிலை பாக்கோடு மரத்தடியில் வந்து நின்றார்.

"யாருகிட்டங்க குடுக்கறது?" என்று கேட்டார்.

ஏழு தெருவும் நின்றது. ஒரு கை நீளவில்லை. நீட்டினால், நீ என்ன பெரிய ஊர்த்தலைவனா என்று அடுத்த தெருக்காரன் கேட்பான். எவனாவது நீட்டட்டும், கேட்டுவிடலாம் என்று எல்லோரும் நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த மனுஷர் அரை மணி நேரம் தட்டை ஏந்திக்கொண்டு நின்று, கை வலித்து, "சரி, வேண்டாம்போல இருக்குதுங்க" என்று சொல்லி, அந்த வெற்றிலையில் சுண்ணாம்பு தடவித் தானே மடித்து வாயில் போட்டு மென்றுகொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

வண்டி நகர்ந்தது. நிழலும் கூடவே கிளம்பியது.

ஆணியில் மாட்டிக்கொண்ட முந்தானை நீள்கிற மாதிரி அது மரத்தடியிலிருந்து மெதுவாக இழுபட்டு, தார்ச்சாலையில் ஏறி, வண்டியின் பின்சக்கரத்தோடு தெற்கே போயிற்று. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் நிழல் போய்க்கொண்டே இருந்தது. பத்து மணிக்குக் கிளம்பிய வண்டியின் பின்னால் மூன்று மணி வரை போயிற்று, அறுபது வருடத்து மரம் அல்லவா. மோட்டார் சைக்கிளில் துரத்திப்போன இரண்டு பேர் டோல்கேட்டில் அதைப் பிடித்துவிட்டார்கள், பிடித்து என்ன, கையில் வந்தால்தானே. தேங்காய்நார்க் கயிறு கொண்டுபோயிருந்தார்கள். எதில் கட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள்.

மரத்தடியில் கடைசியாகத் துண்டு அளவு நிழல் மிச்சமிருந்தபோதுதான் வெயிலுமுத்துவுக்குப் புத்தி வேலை செய்தது. கூட்டம் போட இனி இடம் இருக்காது. ஏழு தெருவுக்கு ஏழு பேர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், அந்தத் துண்டு நிழலுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஏழு தெருவும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஒட்டி நின்றதில்லை. நின்றபடியே அவசர அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: வண்டியைக் கூட்டிவந்தவள் சண்முகவடிவு, ஆகவே இன்று முதல் அவளோடு ஊரில் யாரும் பேசக்கூடாது, தண்ணீர் நெருப்புக் கொடுக்கக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கத்திரி வெயில் தொடங்குவதற்குள் நிழல் ஊர் வந்து சேராவிட்டால் அவள் நிலத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அவளை ஊரைவிட்டே அனுப்பிவிடவேண்டும், இந்த ஊர்க்கட்டை அவிழ்ப்பதானாலும் ஊர் கூடித்தான் அவிழ்க்கவேண்டும். கடைசி வார்த்தை வாயிலிருந்து விழுந்தபோது நிழல் அவர்கள் பாதங்களுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. ஏழு பேரும் நிலைதடுமாறி வெயிலில் விழுந்தார்கள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எழுத்தர் நோட்டைத் திறந்து, காணாமல்போன பொருளின் நீளம் அகலம் என்ன என்று கேட்டார். வடக்குத் தெருக்காரர் காலை நிழலின் நீளத்தைச் சொன்னார், பள்ளிக்கூடத் தெருக்காரர் அது பொய், உச்சி நிழல்தான் உண்மையான அளவு என்றார், சாயங்காலத் தெரு இரண்டும் நாங்கள் என்ன மனுஷர் இல்லையா என்று எகிறியது, எழுத்தர் நோட்டை மூடிவிட்டு வெளியே போய்ச் சண்டை போடச் சொன்னார். அவர்களும் வெளியே போய்ச் சண்டை போட்டார்கள்.

ஊர் அதற்கும் பழகிவிட்டது. மரம் இலையும் பூவுமாக நின்றது, அதன் கீழே கொதிக்கிற வெயில் தங்குதடையின்றி இறங்கியது, காக்கைகள் உட்கார்ந்து பார்த்துக் கால் சுட்டுப் பறந்துபோயின. வெயிலுமுத்து வெள்ளிக்கிழமைதோறும் சுண்ணாம்புக் கோடு போடுவதை நிறுத்தவில்லை. நிழல் இருந்த இடத்தில் அந்தந்தத் தெரு அந்தந்த நேரத்துக்கு வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உரிமை விட்டுப்போகாமல் வெயிலில் உட்கார்ந்துவிட்டுப் போனது. ஒருவர் குடை கொண்டுவந்தார். குடை விரித்தால் அது மரத்தடியில் புதிதாக உண்டான நிழல், ஆகவே அதையும் ஏழாகப் பிரிக்கவேண்டும் என்றார்கள். அவர் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேர் மயக்கம்போட்டு விழுந்தார்கள், கோட்டுக்குள்தான் விழுந்தார்கள்.

வடிவின் கதைக்கு வருவோம். ஊர்க்குழாயில் அவள் குடத்தை வைத்தால் தண்ணீர் நின்றுவிடும், எடுத்தால் வரும். அது மாயம் இல்லை, வால்வைத் திருகுகிறவன் கம்மாய்த் தெருக்காரன். நிலத்தில் அவள் போட்ட குழாய்க்கும் அவன்தான் எஜமான். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பெட்ரோல் பங்கிலிருந்து டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேன் கட்டிக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றுகொண்டு வருவாள். இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. பதினாறு வருடம் தெரியாத ஊரில் தெரியாத ஜனங்களோடு இருந்தவள், முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களைப் பார்த்து அழுதுவிட மாட்டாள். மதினிதான் அவளை அறுத்தாள்.

டீக்கடை ஏழு தெருவையும் நம்பி இருக்கிற கடை. சீனியம்மாள் பேசவில்லை. முதல் வாரம் கோழியோடு பேசினாள். "கோழி, சோறு சட்டியில இருக்கு, ரசம் அடுப்புல இருக்கு, வேணுங்கிறவுக எடுத்துத் தின்னட்டும்" என்று வாசலில் நின்று கோழிக்குச் சொல்வாள். வடிவு உள்ளே எடுத்துப் போட்டுத் தின்பாள். "கோழி, நேத்துப் பூரா இருமுனியே, மருந்து வாங்கினியா?" என்பாள். வாங்கினேன் என்று வடிவு சுவருக்குச் சொல்வாள். இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. எட்டாம் நாள் வெயிலுமுத்து கடைக்கு வந்து, டீயை வாங்காமல் கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன் வீட்டுக் கோழிக்கு இருமல்னு கேள்விப்பட்டேன், சீனி."

"ஆமா மாமா."

"கோழிக்கு இருமல் வந்தா ஊருக்கே ஆகாது. பாத்துக்க."

அன்று மத்தியானம் சீனியம்மாள் கோழியை அறுத்தாள். மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்து, வடிவு பார்க்கப் பார்க்க, ஒரு எலும்பு விடாமல் தானே தின்று முடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குரலும் இல்லை. என் அண்ணன் பொணத்துக்கு முன்னால் என் மடியில் படுத்து அழுதவளா இவள் என்று வடிவு நினைத்தாள்; நினைத்ததில் நெஞ்சுக்குள் ஏதோ தீய்ந்துபோன வாடை வந்தது. ஊர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், இவள் ஒரு தடவை வடிவு என்று என்னைக் கூப்பிட்டால் போதும், அதற்காகவாவது அந்தப் பாழாய்ப்போன நிழலைக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று முடிவு கட்டினாள்.

பொன்னுரங்கத்துக்கு முன்பே ஒரு தடவை போன் பண்ணியிருந்தாள். அப்போது அவர் சந்தோஷத்தில் இருந்தார்.

"அது பாட்டுக்குக் கூடவே வருதுங்க அம்மிணி. ஏசி ரிப்பேர்கூடப் பண்ணல. வெத்தலையோட நின்னனில்லீங்களா? வாங்காம இருந்துபோட்டு இப்பத் திருப்பிக் கேக்கறது எந்த ஊரு நாயமுங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சித்திரை பாதி கழிந்தபோது அவரே கூப்பிட்டார். குரல் செத்துப்போயிருந்தது. வண்டி எங்கே நின்றாலும் ஜனம் கூடிவிடுகிறது என்றார். ஒரு ஊரில் சந்தைக்காரர்கள் கடையையே அதன் கீழே மாற்றிக்கொண்டார்கள், இன்னொரு ஊரில் ஒரு கட்சிக்காரர்கள் பொதுக்கூட்டம் நடத்தி முடிக்கிற வரை இரண்டு நாள் வண்டியை எடுக்க விடவில்லை, ஒரு கல்யாணமே நடந்துவிட்டது, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வந்து வண்டிக்குள் கக்கூஸ் கேட்டான், எழுந்திருங்கள் என்றால் அடிக்க வருகிறார்கள். டீசலும் முன்னைப்போல் இரண்டு மடங்கு குடிக்கிறது.

"நெவலு இத்தனை கனமுன்னு தெரியாமப் போச்சுங்க. எப்படியாச்சும் இதக் கழட்டி உட்ருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வடிவு அன்றைக்கே உட்கார்ந்து ஐந்து நாள் பயணத் திட்டம் எழுதினாள். அவள் எழுதிய திட்டங்களிலேயே அதுதான் உருப்படியானது. முதல் நாள் நாகர்கோவிலைத் தொடாமல் மலையடிவாரப் பாதை. இரண்டாம் நாள் மணப்பாட்டுக் கடற்கரை, காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடவேண்டும், மீனவர்கள் வலை காயப்போட வந்துவிட்டால் வண்டி நகராது. உச்சி நேரத்தில் ஊருக்குள் எங்கும் நிற்கக்கூடாது; நின்றே ஆகவேண்டும் என்றால் ஏற்கெனவே நிழல் அடர்ந்த இடமாகப் பார்த்து நிற்கவேண்டும், அங்கே உங்கள் நிழல் யார் கண்ணிலும் படாது. எந்தச் சாலையில் எத்தனாவது கிலோமீட்டரில் புளி நிற்கிறது, எங்கே ஆல் நிற்கிறது, எது நிழல் விழாத வெறும் உடைமரம் என்று அவள் மனப்பாடமாக எழுதினாள். ஐந்தாம் நாள் பகல் பதினொன்றரை மணி, ஏழுவேம்பு.

ஊருக்கு இதை எப்படிச் சொல்வது? பேசக்கூடாது. தன் போர்டில் சாக்கட்டியால், ‘நாளை பதினொன்றரைக்கு நிழல் வரும்’ என்று எழுதி வைத்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் போர்டைப் பார்க்காத மாதிரி வாசித்துவிட்டுப் போனார்கள். கத்திரி தொடங்க ஒரு நாள்தான் பாக்கி. நிலத்தோரத்தில் முள் வெட்டிக் கட்டுக்கட்டாகத் தயாராகக் கிடந்தது.

மறுநாள் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பின்னால் நிழல் குளுகுளுவென்று வந்தது, அதற்குள் எந்த ஊரிலிருந்தோ பிடித்துக்கொண்ட நான்கு ஆடுகளும் வந்தன. மரத்தடியில் ஏழு தெருவும் நின்றிருந்தது, ஆணும் பெண்ணுமாக இருநூறு பேர் இருக்கும், சீனியம்மாள் கடையைப் பாதியில் விட்டுவிட்டு டீ வடிகட்டியோடு நின்றாள். பொன்னுரங்கம் தட்டோடு இறங்கினார்.

போன தடவை ஒரு கையும் நீளவில்லை. இந்தத் தடவை ஏழு கையும் ஒன்றாக நீண்டது.

"எங்க தெரு வாங்கட்டும்."

"எவன்டா அவன், மொதல்ல எங்க தெருதான்."

"நாட்டாமை நான் இருக்கேன், நீங்கள்லாம் யாருடா?"

தட்டு இங்கே இழுபட்டது, அங்கே இழுபட்டது, பாக்கு உருண்டது, வெற்றிலை காலடியில் விழுந்தது, ஒருவன் சட்டை கிழிந்தது, கம்மாய்த் தெரு வடக்குத் தெருவின் காதைக் கடித்தது. பொன்னுரங்கம் நடுவில் அகப்பட்டுக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தவித்தார். பார்த்துக்கொண்டிருந்த தேவசேனா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.

"சீ, நீங்கெல்லாம் மனுசங்களா? தலை சுத்திக் கெடந்தப்பவும் இப்படித்தான் கத்துனீங்க, ரெண்டு மணி நேரம் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடந்தேன்" என்று சொல்லிக் குனிந்து, மிதிபடாத வெற்றிலையாக இரண்டைப் பொறுக்கி, புடவையில் துடைத்து, ஒரு பாக்கை எடுத்து வைத்து, கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்ற வடிவின் கையில் வைத்தாள். "இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்திதானுங்க அம்மிணி. நீங்களே வெச்சுக்குங்க."

சொல்லிவிட்டுப் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். வண்டி வெயிலில் மொட்டையாகப் போயிற்று, ஆடுகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நிழல் வடிவின் காலடியில் வட்டமாக வந்து படுத்துக்கொண்டது.

முதலில் ஏழு தெருவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த தெருவுக்குப் போகவில்லை, அதுவரை நல்லது. சட்டையை உதறினார்கள், காதைத் துடைத்தார்கள். பிறகுதான் ஒவ்வொருவருக்காக உறைத்தது. நிழல் இப்போது அவளுடையது. அவள் வெற்றிலை வைத்துக் கொடுத்தால்தான் ஊருக்கு வரும். கொடு என்று அவளிடம் கேட்கவேண்டும். கேட்டால் பேசியதாகிவிடும். பேசுவதற்குக் கட்டை அவிழ்க்கவேண்டும். அவிழ்க்க ஊர் கூடவேண்டும். கூடுவதற்கு நிழல் வேண்டும். வெயிலுமுத்து வாயைத் திறந்து, சுற்றிலும் பார்த்து, ஏழு தெருக் கண்ணும் தன் வாய்மேல் இருப்பதைக் கண்டு மூடிக்கொண்டார். முதலில் பேசுகிறவன் கட்டை மீறினவன். அவனை மற்ற ஆறு தெருவும் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டும்.

வடிவு வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மரத்தடியில் வெற்றிலையை வைத்துவிட்டுப் போய்விடலாம். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாற்பது நாள் தண்ணீர் சுமந்த தோள் வலித்தது, அந்த மிளகுக் குழம்பின் வாசம் மூக்கில் நின்றது. அவள் மதினியைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. நீ சொல்லு, ஒரே ஒரு வார்த்தை, வடிவு என்று சொல்லு, அதற்குமேல் ஒன்றும் வேண்டாம், உன் கடைக்குமுன்னால் கொண்டுவந்து நானே விரிக்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவள் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

சீனியம்மாளின் உதடு அசைந்தது. அவள் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், நாட்டாமையைப் பார்த்தாள். பிறகு வெயில் தாங்கவில்லை என்பதுபோல முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

சரி, என்றாள் வடிவு. நாற்பது நாளுக்குப் பிறகு ஊர் காதில் விழ அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. வெற்றிலையை மடித்து இடுப்பில் செருகினாள்.

அவள் நடந்தாள், நிழலும் நடந்தது. நான்கு ஆடுகள் கூடவே வந்தன. கொஞ்ச தூரம் போனதும் ஆடுகள் மட்டும் இல்லை என்று தெரிந்தது. உச்சி வெயில், தார் உருகிக் கொப்புளித்தது, அந்தச் சாலையில் வேறு நிழல் கிடையாது. ஊர் பின்னால் வந்துகொண்டிருந்தது. முதலில் பள்ளிக்கூடத் தெரு ஓரமாகத் தலையை மட்டும் நுழைத்தது, அவர்கள் அனுபவிப்பதைப் பொறுக்காமல் கம்மாய்த் தெரு நுழைந்தது, பிறகு எல்லோரும், வெயிலுமுத்து சுண்ணாம்பு டப்பாவோடு, இருநூறு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, முன்னால் போகிறவளின் முதுகைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், நிழலுக்குள் தலை நிற்கும்படி எட்டி எட்டி நடந்தார்கள். அவள் நிலம் வந்தது, முள்கட்டுகள் கிடந்தன, இங்கேதான் நிற்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நிற்கவில்லை. அவளுக்கு மிகப் பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது, இடது கால் கொஞ்சம் இழுத்து வைக்கிற சத்தம், யாருடையது என்று திரும்பாமலே தெரியும். ஒரு பேச்சு வருகிறதா என்று நூறு அடி தூரம் காதைக் கொடுத்துப் பார்த்தாள். மூச்சிரைப்புத்தான் வந்தது.

வடிவு நடையை எட்டிப் போட்டாள். அடுத்த மரம் பதினோரு கிலோமீட்டரில் இருந்தது; அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.